மாந்தீவும் மறுவாழ்வும்

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனையை நோக்கித் தெற்கே செல்லும் நெடுஞ்சாலை, ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாக ஒடுங்கிய நிலத்துண்டொன்றின் வழியே செல்கின்றது. ஞாயிறு எழும் திசையில் அமைந்தமையால் இந்நிலத்தை எழுவான்கரை என்றும், வாவிக்கு அப்பாலுள்ள வயற்புறத்தைப் படுவான்கரை என்றும் அப்பகுதி மக்கள் வழங்குவர். எழுவான்கரை ஊர்களுள் ஒன்று களுதாவளை. சுயம்புலிங்கப் பிள்ளையார் கோயிலாலும் வெற்றிலைத் தோட்டங்களாலும் பெயர் பெற்றது அவ்வூர். அதற்கு வடக்கே தேற்றாத்தீவில் புனித யூதா ததேயுவின் திருத்தலம் உண்டு. இன்னும் சற்று வடக்கே செட்டிபாளையத்தில் கண்ணகி அம்மன் கோயில். தெற்கே களுவாஞ்சிக்குடியைக் கடந்து சென்றால் பெரியகல்லாற்றில் மெதடிஸ்த திருச்சபையின் ஆலயம். சில மைல் தூரத்துக்குள் பிள்ளையாரும் கண்ணகியும் கிறிஸ்துவும் அடுத்தடுத்து வழிபடப்பெறும் கரை இது.

இக்கரையில் விருந்தினரை வரவேற்கும் முறை வட்டாவில் வெற்றிலை வைத்து நீட்டுதலாகும். திருமணம் பேசுவதற்கும், கோயிற் காரியம் தொடங்குவதற்கும், பிணங்கியோர் கூடுவதற்கும் வெற்றிலையே முதற்சொல். வட்டா யாருக்கு நீட்டப்படுகின்றதோ அவர் மதிக்கப்பெற்றவர். யாரைக் கடந்து செல்கின்றதோ அவர் உறவுக்குப் புறத்தே நிற்பவர். நூல்களில் எழுதப்படாத இந்தச் சட்டத்தைப் பிள்ளைகள்கூட அறிவர். அச்சட்டத்தின் கடுமையை முழுதும் உணர்ந்தவர் தொழுநோயாளர்.

அம்மையும் சின்னமுத்தும் வந்து போகும் நோய்கள். அவற்றை அம்மனின் வெம்மையாகக் கண்டு, வைகாசித் திங்களிற் கண்ணகிக்குக் குளிர்த்தி பாடி, ஊர் முழுவதும் ஒன்றாக நின்று தணித்தது. தொழுநோயோ வந்தால் போகாதது. பெருநோய் என்றும் குட்டம் என்றும் பெயர் சொல்லவே மக்கள் அஞ்சினர். தெய்வக்குற்றம் என்றனர், முன்வினை என்றனர். நோயாளியின் வீட்டிற் பெண் கொள்வாரும் கொடுப்பாரும் இலர். முதலில் அவன் உண்ணும் கோப்பை வேறாகும். பின்னர் படுக்கும் இடம் வேறாகும். கடைசியில் அவனே வேறாவான். இவ்வகையில் சைவர், கிறித்தவர், முஸ்லிம் என்ற வேற்றுமை பெரிதாக இருந்ததில்லை.

அரசாங்கமும் இவ்வச்சத்துக்குச் சட்ட வடிவம் கொடுத்தது. கொழும்புக்கு வடக்கே, களனி கங்கை கடலொடு கலக்கும் இடத்துக்கு அணித்தாக, ஹெந்தளையில் ஒல்லாந்தர் அமைத்த தொழுநோயாளர் இல்லம் 1708 ஆம் ஆண்டிலேயே நிறைவுற்றது. அதன் பின்னர் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் சென்று, பிரித்தானியர் ஆட்சியில், 1901 ஆம் ஆண்டுத் தொழுநோயாளர் கட்டளைச் சட்டம் பிறந்தது. நோயுடையோரைப் பிரித்து அடைத்துவைக்கும் அதிகாரத்தை அது அரசுக்கு அளித்தது. 1873 இல் நோர்வே நாட்டு வைத்தியரான ஹான்சன் இந்நோயின் கிருமியைக் கண்டறிந்திருந்தார். 1897 இல் பேர்லினிற் கூடிய வைத்தியர் மாநாடு பிரித்துவைத்தலையே வழியெனப் பரிந்துரைத்திருந்தது. நோய் பரம்பரைச் சாபம் அன்று, கிருமியால் வருவது என்று விஞ்ஞானம் கூறிய அதே வேளையில், நோயாளியை ஊரிலிருந்து அகற்றுவதற்கும் அவ்விஞ்ஞானமே காரணம் காட்டியது. சாபத்தின் இடத்தைக் கிருமி பிடித்துக்கொண்டதேயன்றி, நோயாளியின் நிலை மாறவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மட்டக்களப்பு வாவியினுள்ளே, நகருக்கு அணித்தாக உள்ள மாந்தீவு, தொழுநோய் வைத்தியசாலைக்கு உரிய இடமாயிற்று. ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் அவ்வாவியில் மீன்பிடி வள்ளங்கள் போவதும் வருவதும் இயல்பு. மாந்தீவுக்குச் சென்ற வள்ளங்களில் ஏறியோரிற் பலர் திரும்பி வரவில்லை. அக்காலத்தில் இருந்த மருந்து நீரடிமுத்து எண்ணெய். அதை ஊசியால் ஏற்றும்போது நோவு மிகுதி, பயன் குறைவு. வைத்தியசாலை என்ற பெயர் இருந்ததே தவிர, குணமாக்கி அனுப்பும் ஆற்றல் அதற்கு இருக்கவில்லை. கரையில் நின்றால் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் ஓர் இடம் இருந்தும், அது இல்லாத இடமாகவே கருதப்பட்டது.

இந்த வாவிக்கரைக்குக் கிறித்தவ சமயம் நெடுங்காலத்துக்கு முன்னரே வந்திருந்தது. போர்த்துக்கேயர் காலத்துக் கத்தோலிக்கத்தின் பின்னர், 1814 இல் வில்லியம் ஓல்ட் என்னும் இளம் மெதடிஸ்த போதகர் மட்டக்களப்பை அடைந்தார். பள்ளிகளைத் தொடங்கி, எட்டு மாதங்கள் உழைத்து, 1815 ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் நோயுற்று அங்கேயே மறைந்தார். பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் இந்நாட்டில் மிஷன்களின் இரு கைகளாக விளங்கியமை பலரும் அறிந்ததே. ஆயினும் இவற்றுக்கு அடியில் நின்ற நம்பிக்கை யாதென்பதை வினவுவோர் சிலரே. உடைந்த மனிதனை மீளவும் முழுமையாக்க முடியும் என்று கிறித்தவம் எதனைக் கொண்டு கூறியது?

கிறித்தவ மறையின் முதற் கூற்று, மனிதன் இறைவனின் சாயலாகப் படைக்கப்பட்டான் என்பது. அடுத்த கூற்று, அச்சாயல் பாவத்தினால் சிதைந்தது என்பது. மேற்றிசைத் திருச்சபையில் இச்சிதைவைப் பெரும்பாலும் குற்றமாகவும், மீட்பைத் தண்டனையிலிருந்து விடுதலையாகவும் விளக்கினர்; நீதிமன்றத்து மொழி அது. கீழ்த்திசைப் பிதாக்களோ வைத்தியசாலையின் மொழியை விரும்பினர். பாவம் நோய், கிறிஸ்து வைத்தியர். நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த அத்தனாசியு இதற்கு அழகிய உவமையொன்று கூறினார். பலகையில் தீட்டிய ஒருவரது உருவம் அழுக்கேறி மறைந்துவிட்டால், அப்பலகையை எவரும் எறிந்துவிடுவதில்லை. உருவத்துக்கு உரியவரே மீண்டும் வந்து ஓவியன் முன் அமர, அதே பலகையில் உருவம் புதுப்பிக்கப்படுகின்றது. இறைவன் மனிதனானது இதற்காகவே என்பது அவரது கருத்து. பலகையை எறிவதில்லை என்ற இடத்தை ஊன்றி நோக்குதல் வேண்டும். ஆன்மாவைக் காத்து உடலைக் கைவிடும் மீட்பை அவர் ஏற்கவில்லை.

இக்கொள்கை நூல்களிற் கிடந்த தத்துவமாக மட்டும் இருந்திருப்பின் மாந்தீவோடு அதற்குத் தொடர்பில்லை. சுவிசேஷங்களிலோ அது தொழுநோயாளியின் கதையாகவே சொல்லப்படுகின்றது. பழைய ஏற்பாட்டில் தொழுநோய் எனத் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டது பல தோல்நோய்களுக்கும், ஆடையிலும் சுவரிலும் தோன்றும் பூஞ்சணத்துக்கும் பொதுவான எபிரேயச் சொல் என்பதை அறிஞர் எடுத்துக்காட்டியுள்ளனர். எந்நோயாயினும், அதனை உடையவன் பாளயத்துக்குப் புறத்தே வாழல் வேண்டும் என்பது மோசேயின் சட்டம். குணமானால் குருவிடம் உடலைக் காட்டி, சடங்கு செய்து, ஊருக்குள் நுழையலாம். அச்சட்டம் கொடியது எனினும் திரும்பும் வழியொன்றை வைத்திருந்தது. 1901 ஆம் ஆண்டின் சட்டத்தினும் அது மேல் என்றுகூடச் சொல்லலாம்.

மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில், இத்தகைய ஒருவன் இயேசுவின் முன் முழந்தாளிடுகின்றான். இயேசு கையை நீட்டி அவனைத் தொடுகின்றார். சொல்லினாலேயே குணமாக்க வல்லவர் எனச் சுவிசேஷமே பிறிதோரிடத்திற் காட்டும் ஒருவர், தொடக்கூடாதவனைத் தொட்டார். பின்னர் குருவிடம் சென்று காட்டுமாறு அவனை அனுப்புகின்றார்; அஃதாவது, ஊருக்குத் திரும்பும் வாயிலைத் திறக்கச் செய்கின்றார். கதை இத்துடன் முடிவதில்லை. குணமானவன் செய்தியை எங்கும் பரப்பியதால், இயேசு வெளிப்படையாக ஊருக்குள் நுழைய இயலாமற் போயிற்று என்றும், அவர் வெளியே ஆளில்லா இடங்களில் தங்கினார் என்றும் மாற்கு எழுதுகின்றார். புறத்தே நின்றவன் உள்ளே சென்றான். உள்ளே இருந்தவர் புறத்தே சென்றார். இந்த இடமாற்றத்தைக் கிறித்தவர் சிலுவையோடு சேர்த்துப் படித்தனர். எருசலேம் நகரின் வாயிலுக்குப் புறத்தே அறையப்பட்டவர், புறத்தே தள்ளப்பட்டோர் அனைவரின் இடத்தையும் தமதாக்கிக்கொண்டார் என்பது அவர்களது விசுவாசம்.

இந்த விசுவாசத்துக்குத் திருச்சபை எப்போதும் உண்மையாக நடந்துகொண்டதா என்றால், இல்லை என்பதே வரலாறு. நான்காம் நூற்றாண்டில் செசாரியா நகரத்து ஆயர் பசிலியார் நோயாளருக்கும் வறியோருக்கும் பெரிய விடுதியொன்றை நிறுவி, தொழுநோயாளரைத் தாமே தழுவி வரவேற்றார் என அவர் நண்பர் கிரகோரியார் பதிவு செய்துள்ளார். மத்திய கால ஐரோப்பாவிலோ, உயிரோடிருக்கும் தொழுநோயாளியை இறந்தவனாகப் பாவித்து, சடங்கோடு ஊரிலிருந்து பிரித்த வழக்கமும் அதே திருச்சபையில் நிலவியது. அணைத்த கையும் அகற்றிய கையும் ஓருடலின் இரு கைகளே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அணைத்த கை மீண்டும் வலுப்பெற்றது. அயர்லாந்தினரான வெல்லெஸ்லி பெய்லி, பஞ்சாப்பின் அம்பாலாவில் தொழுநோயாளரைக் கண்டு மனங்கலங்கி, 1874 இல் தொழுநோயாளருக்கான மிஷனைத் தொடங்கினார். அதற்கு முந்திய ஆண்டில் பெல்ஜிய நாட்டுக் குருவான தமியான், ஹவாயின் மொலோக்காய்த் தீவில், கடலும் செங்குத்தான மலையும் சிறைவைத்த தொழுநோயாளரிடையே குடியேறினார். அவர்களுடன் உண்டு, அவர்களுக்கு வீடும் சவப்பெட்டியும் தம் கையாற் செய்து, முடிவில் அந்நோயாலேயே 1889 இல் இறந்தார். 2009 இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. மாற்கு கூறிய இடமாற்றத்தை எழுத்துப் பிசகாமல் வாழ்ந்து காட்டியவர் அவர். எனினும் ஒன்றைக் கூறாதிருத்தல் நேர்மையன்று: தமியான் தீவுக்குச் சென்றார், தீவில் இருந்தோர் ஊருக்கு வரவில்லை. அன்புக்கு இயன்றது அவ்வளவே. மருந்து இன்னும் பிறக்கவில்லை.

மறுபாதி வேலை நடைபெற்ற இடங்களுள் முதன்மையானது தமிழ்நாடு. செங்கற்பட்டை அடுத்த திருமணியில், லேடி வெலிங்டன் தொழுநோய் இல்லத்தில், இறைபக்தி மிக்க ஸ்கொத்லாந்து வைத்தியர் ராபர்ட் கொக்ரேன் பணி செய்தார். 1940களில் சல்போன் வகை மருந்துகளை இந்தியாவிற் பயன்படுத்துவதில் அவர் முன்னோடி. கிருமி அடங்கத் தொடங்கியது. ஆனால் மடங்கிய விரல்கள் மடங்கியவாறே இருந்தன. 1947 இல் கொக்ரேனின் அழைப்பின்பேரில் திருமணிக்கு வந்தார் இளம் சத்திர வைத்தியரொருவர். பெயர் போல் பிராண்ட். 1914 இல் சேலத்துக்கு அப்பாலுள்ள கொல்லிமலையில், மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, மலைவாழ் சிறுவரோடு தமிழ் பேசி வளர்ந்தவர் அவர். நோயாளி ஒருவரின் மடங்கிய கையைப் பற்றி, தம் கையை அழுத்துமாறு கேட்டார். அந்தப் பிடியின் வலிமை அவரைத் திடுக்குறச் செய்தது. செத்துப்போனதாக எல்லாரும் கருதிய கையில் வலிய தசைகள் உயிரோடிருந்தன.

வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பிராண்டும் அவர்தம் குழுவினரும் செய்த ஆய்வுகள், பல நூற்றாண்டு எண்ணமொன்றைத் தகர்த்தன. தொழுநோயாளியின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. நரம்பு கெடுவதால் நோவு தெரிவதில்லை. நோவு தெரியாமையாற் சுடு பாத்திரத்தைப் பிடிக்கின்றான், முள்ளை மிதித்தும் நடக்கின்றான், உறங்கும்போது எலி கடித்தும் விழிப்பதில்லை. காயமே விரலைத் தின்கின்றது. எனவே காயம் தடுத்தால் விரல் நிற்கும். செயலிழந்த தசையின் இடத்திற்கு வலிய தசைநாணை மாற்றித் தைத்தால் விரல் நிமிரும். உதிர்ந்த புருவத்தின் இடத்தில் தலைத்தோலை வைத்துத் தைத்து, முகத்தின் அடையாளத்தையும் திருத்தினர். புண்பட்ட பாதத்துக்கு மெத்தென்ற ரப்பர்ச் செருப்புச் செய்தனர். 1955 இல் வேலூரை அடுத்த கரிகிரியில் இப்பணிக்கெனத் தனி ஆய்வு நிலையமே எழுந்தது. அத்தனாசியுவின் பலகையை இங்கு நினைத்துக்கொள்ளுதல் பொருந்தும்.

அதன் பின்னர் நிகழ்ந்ததுதான் மிக முக்கியமானது. கைகள் திருத்தப்பட்டு மகிழ்ச்சியோடு வழியனுப்பப்பட்ட இளைஞரொருவர், சில காலத்தின் பின் மெலிந்து வாடித் திரும்பி வந்தார். இவை பிச்சைக்கு உதவாத கைகள் என்று அவர் பிராண்டிடம் முறையிட்டார். முன்பு மடங்கிய விரல்களைக் கண்டு இரங்கிக் காசு போட்டவர்கள், இப்போது நல்ல கையைக் கண்டு போடுவதில்லை. வேலை கொடுப்போரோ, வாடகைக்கு வீடு கொடுப்போரோ, நோயின் வடுவைக் கண்டு கொடுப்பதில்லை. சத்திர சிகிச்சையாற் கெட்டது பிழைப்பு மட்டுமே! சிரிப்புக்கிடமான முறையீடு போலத் தோன்றும் இதனுள்ளே சுவிசேஷத்தின் பாதி அடங்கியுள்ளது. கையை மட்டும் குணமாக்கினால் மனிதன் குணமாவதில்லை. பிராண்ட் இதை உணர்ந்து, 1950களின் தொடக்கத்தில் கல்லூரி வளாகத்திலேயே நவஜீவ நிலையம் என்னும் சிற்றூரை அமைத்தார். அங்கே, திருத்திய கையால் தச்சு வேலையும் பொம்மை செய்தலும் கற்று, உழைத்து உண்ணும் மனிதராக நோயாளர் ஊர் திரும்பினர்.

அக்குழுவில் மேரி வர்கீஸ் என்ற கேரள நாட்டுப் பெண் வைத்தியர் ஒருவர் இருந்தார். 1954 இல் வாகன விபத்தொன்றில் முதுகுத்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். வைத்தியத் தொழில் முடிந்தது எனக் கருதப்பட்ட நிலையில், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திர சிகிச்சை செய்யப் பழகினார். கையின் சிகிச்சையை அமர்ந்தே செய்யலாமன்றோ! பின்னர் வெளிநாட்டிற் பயின்று வந்து, வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையைக் கட்டியெழுப்பினார். 1972 இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். உணர்விழந்த விரலுடையோர்க்கு உணர்விழந்த காலுடையார் வைத்தியரானார். நோயாளர் அவரிடம் கண்டது இரக்கத்தை மட்டுமன்று, தம்மைப் போன்ற ஒருவரை.

வாவிக்கரைக்கு மீள்வோம். 1981 இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து முறை 1983 இல் இலங்கைக்கு வந்தது. டாப்சோன், ரிஃபாம்பிசின், குளோபசிமின் என்னும் மருந்துகளை ஆறு மாதமோ ஓராண்டோ வீட்டிலிருந்தே உண்டால் நோய் தீரும். உண்ணத் தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் ஆற்றல் நீங்கிவிடும். 1995 இல், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவை நாடு எட்டியது. மாந்தீவுக்குப் புதிதாக ஒருவரையும் அனுப்பவேண்டிய தேவை இல்லாதொழிந்தது. ஆயினும் ஹெந்தளையிலும் மாந்தீவிலும், நோய் நீங்கிப் பல ஆண்டுகள் ஆன பின்னரும் முதியோர் சிலர் தங்கியிருந்தனர். அவர்களைத் தடுத்தது கிருமியோ சட்டமோ அன்று. அழைத்துக்கொள்ள வீடு இல்லாமையே. மருந்து வள்ளத்தில் ஏறித் தீவுக்குச் சென்றது. வட்டாவோ கரையிலேயே நின்றுவிட்டது.

இதற்குள் கரையே உடைந்துபோயிருந்தது. 1990 ஆம் ஆண்டில் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்துப் படுகொலைகளைக் கண்டனர். எழுவான்கரை ஊர்களுக்கிடையே நூற்றாண்டுகளாக நிலவிய கொடுக்கல் வாங்கல் அறுந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில், புனித மிக்கேல் கல்லூரியிற் பணியாற்றிய அமெரிக்க இயேசு சபைக் குரு யூஜின் ஹேபேர், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியிற் காணாமற் போனார். அதே சபையின் குருவும் உளவளத் துணையாளருமான போல் சற்குணநாயகம், கனடா நாட்டுக் கலைஞர் போல் ஹோகனோடு சேர்ந்து, 1996 இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் திறந்தார். தமிழ், முஸ்லிம் ஊர்களிலிருந்து பிள்ளைகள் ஒன்றாக அழைத்துவரப்பட்டனர். மண்ணைப் பிசைந்தனர், வண்ணம் தீட்டினர், கதை சொல்லி நடித்தனர். கண்டதைச் சொல்லுமாறு அவர்களை எவரும் வற்புறுத்தவில்லை. போதனையும் இல்லை. எவர் பக்கத்தில் அமர்வது என்பதே அங்கு மருந்தாயிருந்தது.

உயிர்த்தெழுந்த கிறிஸ்துவின் உடலிற் காயங்களின் வடுக்கள் இருந்தன என்று யோவான் எழுதுகின்றார். மீட்கப்பட்ட உடல் பழைய உடலாக மாறவில்லை, வடுவோடேயே முழுமையடைந்தது. 2019 ஏப்ரல் 21 அன்று, இவ்வுயிர்ப்பைக் கொண்டாடிய ஞாயிறு காலையில், மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்தில் குண்டு வெடித்துப் பிள்ளைகள் பலர் மாண்டபோது, அக்கரையின் கிறித்தவர்களுக்கு இவ்வாக்கு நூலில் இருக்கும் வாக்காக மட்டும் இருந்திருக்க இயலாது.

தொழுநோய் இன்னும் முற்றாக நீங்கவில்லை. இலங்கையில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் புதிதாக இனங்காணப்பட்டு வந்துள்ளனர். மட்டக்களப்பு, நோய் மிகுதியாகக் காணப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று. உணர்வற்ற வெளிறிய தேமல் ஒன்றே முதற் குறி. அரசாங்க வைத்தியசாலைகளில் மருந்து இலவசமாகக் கிடைக்கின்றது. இனி எவரும் வள்ளத்தில் ஏறவேண்டியதில்லை. இருந்தும் தேமலைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, விரல் மடங்கிய பின்னரே வைத்தியரிடம் செல்வோர் உளர். அவர்கள் அஞ்சுவது நோய்க்கன்று. களுதாவளையில் வெற்றிலை கிள்ளுவோரும் வாவியில் வலை இழுப்போரும் விரலை நம்பிப் பிழைப்பவர்கள்; அவ்விரலை இழக்க நேரினும், அடுத்த வீட்டார் அறியாதிருந்தாற் போதும் என்று எண்ணுமளவுக்கு அந்தப் பழைய அச்சம் வலியது.